சிங்கப்பூர் படகு யார்டுகளில் நச்சுக் கழிவுச் சட்டம் நிஜமாகவே அமலாகிறதா?

உங்கள் தம்பி துவாஸில் ஒரு படகு பழுதுபார்க்கும் யார்டில் பெயிண்ட் வேலைக்குச் சேரப் போகிறார். அங்கே தின்னர், சுரண்டிய பெயிண்ட், கழிவு எண்ணெயை எல்லாம் ஒழுங்காக அகற்றுவார்களா, சட்டம் இருந்தாலும் யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் பிளாஸ்டிங் (பழைய பூச்சைப் பீய்ச்சி உரிக்கும் வேலை), பெயிண்டிங் வேலையில் ஆரம்பித்து, இப்போது அதே துறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கழிவு யார்டின் கேட்டைத் தாண்டி வெளியே போன பிறகு சட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. கேட்டுக்கு உள்ளேதான் பிரச்சினை.

நச்சுத் தொழிற்கழிவுக்கு 1988-இலிருந்தே இங்கே தனி விதிமுறைகள் உண்டு. கண்ட லாரிக்காரரிடம் டிரம்மைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் உள்ள நிறுவனம்தான் எடுத்துப் போக வேண்டும். யார் அனுப்பினார்கள், யார் ஏற்றிப் போனார்கள், யார் பெற்றுக்கொண்டார்கள் என்று மூன்று தரப்பும் பதிவு செய்ய வேண்டும். கிளம்பிய டிரம் போய்ச் சேராவிட்டால் கேள்வி வரும். நச்சுப் பொருளை நீர்நிலைக்குள் விட்டால் முதல் குற்றத்துக்கே 50,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும். திரும்பவும் மாட்டினால் குறைந்தது ஒரு மாதம் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

இந்தக் கண்டிப்பு திடீரென்று வந்ததல்ல. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தப்படுத்தியபோது, கரையோரப் படகுப் பட்டறைகளும் அந்த நடவடிக்கைக்குள் வந்தன. ஆற்றில் நின்ற சரக்குப் படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. பக்கத்தில் மலேசியாவின் ஜொகூரில் நடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும்: 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்ட, காற்றில் பரவிய புகையால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று.

சரி, கேட்டுக்கு உள்ளே வருவோம். படகின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் பெயிண்டே விஷம்தான். உயிரினங்களை அண்டவிடாமல் செய்வதே அதன் வேலை. இப்போது பெரும்பாலும் தாமிரச் சேர்மங்கள் சேர்க்கிறார்கள். முன்பு டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. அது பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே நாசம் செய்ததால், 1982-இலேயே அந்த நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. அதைத் தடுக்கும் உலக அளவிலான ஒப்பந்தம் 2008 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. 2023 ஜனவரியிலிருந்து சைபியூட்ரின் என்ற இன்னொரு பொருளுக்கும் தடை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய படகு பழுதுபார்க்கக் கரையேறும்போது மேலே தெரிவது புதுப் பெயிண்ட்; அடியில் எத்தனை வருடத்துப் பூச்சு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் தம்பி சுரண்டப் போவது அந்த எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான். அந்தத் தூளைச் சாதாரணக் குப்பையாக நினைத்துக் கூட்டித் தள்ளுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

அடுத்தது மழை. சிங்கப்பூரில் சாக்கடைக் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனி. கழிவறை, சமையலறைத் தண்ணீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். முற்றத்தில் விழும் மழைத் தண்ணீர் லோங்காங் (திறந்த வடிகால்) வழியாக நேராகக் கடலுக்கோ நீர்த்தேக்கத்துக்கோ போய்விடும், நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வரும் மழை பத்து நிமிடத்தில் முற்றத்தையே கழுவிவிடும். காலையில் சுரண்டிய தூள், மூடாமல் வைத்த டிரம்மில் நிரம்பி வழியும் எண்ணெய், ஜெட் தண்ணீரில் கழுவி விழுந்த சேறு எல்லாம் அதோடு போகும். எந்தப் பதிவிலும் வராது, ஏனென்றால் அது டிரம்முக்குள் போகவே இல்லை. ஒழுங்கான யார்டில் படகைக் கழுவும் இடத்துக்கு விளிம்பு கட்டி, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பியிருப்பார்கள். மழை வரும்போது வேலையை நிறுத்தித் தார்ப்பாய் போடச் சொல்ல ஒரு ஆள் இருப்பார். அந்த ஆளுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா என்பதை வைத்தே நான் ஒரு யார்டை மதிப்பிடுவேன்.

டிரம்முக்குள் போவதிலும் ஆபத்து இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஃபைபர் படகு ஒட்ட, இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்து மிஞ்சிய ரெசினை (பிசினை), பக்கத்தில் இருந்த தின்னர் கழிவு டிரம்மில் ஊற்றிவிட்டார் ஒரு பையன். டிரம்மில் எந்த லேபிளும் இல்லை. கலந்த ரெசின் இறுகும்போது சூடாகும் என்பதை யாரும் அவருக்கு அவர் மொழியில் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் மூடி உப்பி, புகை வர ஆரம்பித்தது. எல்லோரையும் வெளியேற்றினோம், நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த ஹார்டனர் ஒரு பெராக்சைட். ரெசின் சீக்கிரம் இறுக முடுக்கியாகப் போடும் கோபால்ட் திரவத்தோடு அது நேரடியாகக் கலந்தால் வெடிக்கவே செய்யும். அப்புறம் எண்ணெய் துடைத்த துணி: குவியலாகப் போட்டு வைத்தால் காய்ந்து இறுகும் சில வகை எண்ணெய்கள் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்புத் தொட்டி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இதற்கெல்லாம் கீழே இருக்கும் காரணம் சப்கான்தான், அதாவது துணை ஒப்பந்தக்காரர் முறைதான் என்பது என் கருத்து. யார்டு இடத்தைக் கொடுக்கிறது, பெயிண்ட் வேலையை ஒரு சப்கான் எடுக்கிறார், அவர் ஆட்களை இன்னொருவரிடம் வாங்குகிறார். மிஞ்சிய அரை டின் தின்னர் யாருடையது? யார்டு சப்கானைக் காட்டும், சப்கான் படகு முதலாளியைக் காட்டுவார். உரிமம் உள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால் காசு. கழிவு யாருடைய கணக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தில், அந்த அரை டின் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் காணாமல் போய்விடும். பெரிய கப்பல் யார்டுகளில் இது குறைவு. அங்கே கப்பல் கம்பெனிகளே வந்து தணிக்கை செய்கின்றன, தனித் துறையும் உண்டு. சின்னப் படகு யார்டில் மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, கணக்குப் பிள்ளை எல்லாம் ஒரே ஆளாக இருப்பார்.

அதிகாரிகள் வருவதே இல்லை என்று சிலர் சொல்வது சரியல்ல, வருகிறார்கள். பதிவேட்டைப் பார்க்கிறார்கள், டிரம் அடுக்கிய இடத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் நான் ஆசைப்படுவது ஒன்று உண்டு. இந்த ஆண்டு எத்தனை லிட்டர் தின்னர் வாங்கினீர்கள், எத்தனை லிட்டர் கழிவாகப் போனது என்று பில்லையும் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஆவியாகிப் போனதை, பூச்சில் சேர்ந்ததைக் கழித்தாலும் இடைவெளி கண்ணில் படும். அப்புறம், ஆபீசில் உட்காராமல் படகுக்கு அடியில் நிற்கும் தமிழ், வங்காள ஊழியரிடம் போய், "மிஞ்சினதை எங்கே ஊத்துவீங்க தம்பி?" என்று அவர் மொழியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கோப்பிலும் இல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். சேர்ந்த முதல் வாரமே, தான் கையாளும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். லேபிள் இல்லாத டிரம்மில் எதையும் ஊற்ற வேண்டாம், யார் சொன்னாலும் சரி. சுரண்டும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது. தூளுக்கு ஒரு வடிகட்டி, தின்னர் ஆவிக்கு வேறு வடிகட்டி. வேலை உடையை விடுதி அறைக்குக் கொண்டுபோய் மற்ற துணியோடு போட வேண்டாம்.

தப்பு நடந்தால் சொல்லப் பயமாக இருக்கும், அது எனக்குத் தெரியும். வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் உண்மையானது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதிகாரிக்கு உதவிய ஊழியரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. அதை நம்பித் தனியாக நிற்க வேண்டியதில்லை. வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 (TWC2) தொண்டு அமைப்பிடமோ முதலில் பேசலாம். பல யார்டுகளில் போன் கேமராவுக்குத் தடை உண்டு, படமெடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். தேதி, நேரம், எந்த வடிகால், என்ன நிறம், என்ன வாசனை என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்தாலே விசாரிக்கப் போகிறவர்களுக்கு நிறைய உதவும்.