நுண்துளைப் பொருள்கள் கரியமில வாயுவை எவ்வாறு பிடிக்கின்றன?

கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளெங்கும் நிறைந்த திண்மமே நுண்துளைப் பொருள் ஆகும். எட்டு முழ வேட்டி மடித்தால் கைப்பையில் அடங்கிவிடுவதுபோல, உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் பின்னி உருவாக்கும் சட்டகங்களின் சில கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்துத் திடலின் பரப்பு அடங்கிவிடுகிறது. 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவற்றுக்காகவே கிடகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. கரியமில வாயு மூலக்கூறின் நடுவிலுள்ள கார்பன் சற்றே நேர்மின் தன்மையும், இரு முனைகளிலுள்ள ஆக்சிஜன் சற்றே எதிர்மின் தன்மையும் கொண்டிருப்பதால், ஆலைப் புகையில் மிகுந்திருக்கும் நைட்ரஜனைவிட அது துளைச் சுவர்களில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. உண்மையான சோதனை ஈரம்தான்: ஆலைப் புகையிலுள்ள நீராவி, பல பொருள்களில் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகிறது. பிடித்த வாயு தானாகவே எரிபொருளாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் சூடேற்றினால் அது மாறாமல் அப்படியே வெளிவரும், அதை மெத்தனால் என்னும் எரிபொருளாக்க ஹைட்ரஜனும் வினையூக்கியும் ஆற்றலும் தனியே வேண்டும்.