கொகேஷி பொம்மையின் தலையில் கீச்சுச் சத்தம்: எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். ஜப்பானிய மரப்பொம்மையான கொகேஷியின் தலையைத் திருப்பினால் கீச்சிடுகிறது என்கிறீர்களே, அது பழுதில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்வது.

பெரும்பாலும் அது மியாகி மாகாணத்து நருகோ ஊர்க் கொகேஷியாக இருக்கும். அங்கே உடல் கடைசல் எந்திரத்தில் சுழலும்போதே கழுத்தை உள்ளே அழுத்திப் பொருத்துவார்கள். மரத்தோடு மரம் இறுக்கமாக உரசுவதுதான் அந்தச் சத்தம். எண்ணெய் இறங்கினால் மரத்தில் கறைதான் மிஞ்சும்.

உடலைப் பாருங்கள். தோளும் அடியும் அகன்று, நடுவில் சற்றே ஒடுங்கி, சாமந்திப் பூ வரைந்திருந்தால் அநேகமாக நருகோதான். அடியில் செய்தவர் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது. சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஃபுகுஷிமா மாகாணத்து த்சுச்சியு ஊர்ப் பொம்மைகளும் கீச்சிடும்.

தலை லொடலொடவென்று ஆடினால் மட்டும் கதை வேறு. அப்புறம், துடைக்க ஈரத்துணி வேண்டாம், சாயம் கரைந்துவிடும்.