கஜாவைப் பார்த்த தம்பிக்குக் கென்டக்கியிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மேற்குப் பக்கத்து ஒரு சிற்றூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் வருகிறேன், வாடகை குறைவாக ஒரு மொபைல் ஹோம் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "பட்டுக்கோட்டையில் கஜா புயலைப் பார்த்தவன் நான், டொர்னாடோ என்னும் சுழல்காற்றுக்கு அவ்வளவு பயப்பட வேண்டுமா அக்கா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: எடுக்காதீர்கள். டொர்னாடோவில் வீட்டுக்குள் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மொபைல் ஹோமில் இருந்தவர்கள். அஸ்திவாரம் போட்டு எழுப்பிய வீடல்ல அது, இழுத்து வந்து நிறுத்திய வீடு. வாடகை கொஞ்சம் கூடினாலும் அஸ்திவாரத்தோடு பிணைத்த வீடாகப் பாருங்கள். நிலவறை இருந்தால் இன்னும் நல்லது. வேறு வழியே இல்லையென்றால், நள்ளிரவில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சேரக்கூடிய புகலிடம் எங்கே இருக்கிறது, அதன் கதவு இரவில் திறந்திருக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

கஜாவைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்குப் பல நாள் முன்பே வானிலை மையம் பெயர் சொல்லி, பாதை சொல்லி எச்சரித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது முகாம்கள் திறந்திருந்தன. இங்கே அந்த அவகாசம் கிடையாது. 'டொர்னாடோ வாட்ச்' என்றால் அடுத்த சில மணி நேரத்துக்கு அது உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது என்று பொருள். 'டொர்னாடோ வார்னிங்' என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. கோடை, குளிர் என்ற கணக்கும் இந்தப் பக்கம் செல்லாது.

2021 டிசம்பர் 10 அன்று நடந்ததும் அப்படித்தான். அண்டை மாநிலமான டென்னசியின் வடமேற்கு மூலையில் உருவான டொர்னாடோ ஒன்று இரவு ஒன்பதரை மணி அளவில் மேஃபீல்டு ஊருக்குள் புகுந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் தரையை விடாமல், சுமார் 266 கிலோமீட்டர் ஓடியது. காற்றின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒரு டொர்னாடோவில் மட்டும் 57 பேர் இறந்தார்கள். மேஃபீல்டில் நூறாண்டு கடந்த நீதிமன்றக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, இரவு வேலை நடந்துகொண்டிருந்த மெழுகுவத்தித் தொழிற்சாலை எல்லாம் விழுந்தன. இங்குள்ள பிரின்ஸ்டன் என்ற ஊரில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் போயிற்று. டாசன் ஸ்பிரிங்ஸ் இரண்டரை ஆயிரம் பேர் வாழும் ஊர். ஆளுநர் ஆண்டி பெஷியருடைய தந்தையின் சொந்த ஊரும் அதுதான். அதில் பெரும்பகுதி தரைமட்டமானது.

கஜாவுக்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாக இருட்டில் கிடந்தது. டொர்னாடோவின் அழிவு ஒரு பட்டையாக ஓடும். மறுநாள் காலை நான் பார்த்த ஒரு தெருவில், ஒரு பக்கம் சிமென்ட் தளமும் வாசற்படி மூன்றும் மட்டுமே மிச்சம். எதிர்வீட்டுக் கதவில் கிறிஸ்துமஸ் வளையம் கலையாமல் தொங்கியது. இதனால் ஒரு நன்மை உண்டு. சற்றுத் தள்ளியிருக்கும் ஊர்களில் கடை திறந்திருக்கும், ஆட்கள் நலமாக இருப்பார்கள், உதவி உடனே வந்துவிடும். பொழுது விடிவதற்குள் ரம்பத்தோடும் டிராக்டரோடும் அக்கம்பக்கத்து விவசாயிகள் வந்து பாதையைத் திறந்தார்கள். தேவாலயங்கள் சமைத்துப் போட்டன. வீடிழந்த குடும்பங்களுக்கு மாநிலப் பூங்கா விடுதிகளைத் திறந்துவிட்டார்கள். மென்னோனைட் என்னும் கிறித்தவப் பிரிவின் தொண்டர்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். இந்த மண்ணின் மனிதர்கள்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஆனால் நகரத்துச் செய்திக்காரர்கள் கிளம்பிப் போன பிறகுதான் கிராமத்தின் உண்மையான பாடு தொடங்குகிறது. வயல்களைச் சொல்கிறேன். டிசம்பரில் இங்கே குளிர்காலக் கோதுமை முளைத்து நிற்கும். அந்தப் பயிருக்குள் மைல் கணக்கில் தகரத் துண்டு, ஆணி, கண்ணாடிச் சில்லு, சுவருக்குள் வைக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு. அதை அப்படியே விட்டால் டிராக்டர் சக்கரம் கிழியும், அறுவடை இயந்திரம் பழுதாகும். வைக்கோலோடு ஆணியைத் தின்ற மாடு உள்ளே குத்திச் சாகும். அதனால் வசந்த விதைப்புக்கு முன் ஆட்கள் வரிசையாகக் கைகோக்கும் தூரத்தில் நின்று, வாளியோடு வயலைக் கடந்து கடந்து பொறுக்கினார்கள். நானும் போயிருந்தேன். என் வாளியில் ஆணிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் பள்ளிப் புகைப்படம் கிடைத்தது. பின்பக்கம் வகுப்பு மட்டும் எழுதியிருந்தது. கிடைத்த படங்களையெல்லாம் ஒரு மேசையில் காயவைத்து, சொந்தக்காரர்கள் தேடி வரும்வரை வைத்திருந்தார்கள். டாசன் ஸ்பிரிங்ஸ் வீட்டுப் படம் ஒன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவில் போய் விழுந்திருந்தது.

வேலி அடுத்த கவலை. வேலி விழுந்தால் மாடு சாலைக்கு வரும், இரவில் கார் மோதும். வீட்டுக் கூரைக்கு முன் வேலியைக் கட்டிய விவசாயிகளை நான் அறிவேன். கோழிப்பண்ணைக் கொட்டகைகள், தானியக் களஞ்சியங்கள் எல்லாம் நசுங்கிக் கிடந்தன. அங்கே கூலிக்கு இருந்தவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை.

நீங்கள் வாடகைக்கு வருகிறவர் என்பதால் இந்த இடத்தை அழுத்திச் சொல்கிறேன். வீடு வைத்திருந்தவர்கள் காப்பீட்டோடு போராடியாவது எழுந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள்தான் ஊரை விட்டே போனார்கள். வீட்டுக்காரருக்கு இழப்பீடு வந்தால் அதை அவர் அதே இடத்தில் கட்டியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பலர் கட்டவில்லை. மிஞ்சிய வீடுகளுக்கு வாடகை ஏறியது. இது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏழைகள் இருந்த தெருக்களே கடைசிவரை காலி மனைகளாகக் கிடந்தன.

வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். உங்கள் கட்டில், துணி, கணினி எதற்கும் அதில் காசு வராது. ஆகவே சாவி வாங்கும் நாளிலேயே வாடகைதாரர் காப்பீடு எடுங்கள். பெரும்பாலும் மாதம் இருபது டாலருக்குள் முடிந்துவிடும். வீடு போனால் விடுதிச் செலவையும் தருமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். காருக்கு எதிராளியின் சேதத்தை மட்டும் ஈடுகட்டும் மலிவுக் காப்பீடு போதாது. காற்றில் மரம் விழுந்தால் அது உதவாது, இத்தகைய சேதத்தை ஈடுகட்டும் 'காம்ப்ரிஹென்சிவ்' காப்பீட்டையும் சேர்க்க வேண்டும்.

அரசு உதவியைப் பற்றி நம்மவர்கள் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. பேரிடர் உதவிக்கான மத்திய அரசு அமைப்பான ஃபெமாவின் பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உடையவர்களுக்கும்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அது கிடைக்காது. வீட்டில் தகுதியுள்ள ஒரு குழந்தை இருந்தால் அதன் சார்பில் விண்ணப்பிக்கலாம். உணவு, தங்குமிடம், குடிநீர் போன்ற அவசர உதவிகளுக்கு விசாவைப் பார்ப்பதில்லை. தயங்காமல் போய் வரிசையில் நில்லுங்கள். ஆனால் ஃபெமாவின் பணம் உங்களுக்கு வராது என்பதால்தான் காப்பீட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), மகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்து, ஒரு பிரதியை ஊரில் அப்பாவிடமும் வைத்திருங்கள். அசல்களை ஒரே பையில் போட்டு, பதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டு அறைகளை ஒருமுறை செல்பேசியில் படம் பிடித்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது அதுதான் பேசும்.

முதல் சம்பளத்தில், வானிலை எச்சரிக்கை வந்ததும் தானாக ஒலிக்கும் வெதர் ரேடியோ ஒன்று வாங்குங்கள். பேட்டரியிலும் ஓட வேண்டும், உங்கள் கவுன்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) மட்டும் அலறும்படி அமைத்துக்கொள்ள முடிய வேண்டும். சைரனை நம்பித் தூங்காதீர்கள். அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது, மழைச் சத்தத்தில் உள்ளே கேட்காது. கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத நடு அறையோ குளியலறையோ உங்கள் இடம். மூவருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டும் காலணியும் அங்கேயே இருக்கட்டும். தப்பித்த பிறகு ஆணி குத்திக் காயப்படுபவர்கள் ஏராளம். வெளியே வந்ததும் எரிவாயு வாசனை அடித்தால் விளக்கைப் போடாமல் விலகிச் செல்லுங்கள்.

அடித்து ஓய்ந்த மறுநாளே கதவைத் தட்டி, முன்பணம் கொடுத்தால் கூரை போட்டுத் தருகிறேன், கார் சரிசெய்து தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இடிபாட்டைச் சாலையோரம் வைக்கும்போது மரம், கட்டடக் குப்பை, குளிர்பதனப் பெட்டி என்று தனித்தனியாகக் குவியுங்கள். கலந்து வைத்தால் வண்டி எடுக்காமல் போய்விடும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் வந்த வாரமே போய்ப் பேசுங்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எந்த அறையில் பதுங்குவீர்கள் என்று சொல்லி வையுங்கள். கிராமத்தில் மீட்புக்குழு வருவதற்கு முன்னால் வருபவர் அவர்தான். இடிபாட்டுக்குள் எங்கே தோண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டில் நிலவறை இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். இங்கே பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வேலைக்கு வாருங்கள், தம்பி. நல்ல மண், நல்ல மனிதர்கள். எந்தக் கவுன்டி என்று எழுதுங்கள். அங்கே வாடகைக்கு இருக்கும் வீடுகளில் நிலவறை உள்ளவை எவை என்று விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை அந்த மொபைல் ஹோமுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.