குளிர்நாட்டுத் தோட்டத்தில் பனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குளிர்காலத்தில் சில இரவுகள் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் பகுதியில் வசிக்கிறோம். வீட்டுத் தோட்டத்தில், கண்ணாடிக் கூடம் இல்லாமல், திறந்தவெளியில் பனை வகை எதையேனும் வளர்க்க இயலுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: இயலும். பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உள்ளன. தென்னை, கரும்பனை உட்பட அவற்றில் மிகப் பெரும்பாலானவை உங்கள் தோட்டத்தில் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டமாட்டா. ஆயினும் மலைச்சரிவுகளிலும் வெப்பமண்டலத்துக்கு வெளியேயும் தோன்றிய சில இனங்கள் உறைபனியைப் பொறுத்துக்கொள்கின்றன. முதல் முறையாக நடுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது சீன விசிறிப்பனையான டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. தண்டு முழுவதும் பழுப்பு நாரால் போர்த்தப்பட்டிருக்கும் இம்மரம், நன்கு வேரூன்றிய பிறகு மைனஸ் 15 டிகிரி அளவிலான குளிரையும் தாங்கக்கூடியது. அத்துடன் மந்தமான கோடையிலும் ஓலை விடுவதை நிறுத்தாது என்பதே இதன் பெரிய பலம். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவரச் சேகரிப்பாளர் சீனாவின் சூசான் தீவுப் பகுதியிலிருந்து 1849-இல் இதன் கன்றுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்தில் 1851-இல் ஒரு கன்று நடப்பட்டது. ஆகவே இது நேற்று வந்த மோகம் அன்று.

உங்கள் தோட்டத்தில் காற்று பலமாக வீசுமானால், இதே பேரினத்தைச் சேர்ந்த வாக்னேரியானஸ் வகையைத் தேடிப் பாருங்கள். அதன் ஓலைகள் சிறியவை, விறைப்பானவை. காற்றில் கிழிந்து தொங்குவதில்லை. கோடை நல்ல வெப்பமாக இருக்கும் இடங்களில், தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஊசிப்பனையும் குட்டைச் சபால் பனையும் சீன விசிறிப்பனையையே குளிர் தாங்குவதில் மிஞ்சிவிடும். ஊசிப்பனை மைனஸ் 20 டிகிரியையும் கடந்து பிழைத்திருக்கிறது. ஆனால் கோடை குளிர்ச்சியாகவே கழியும் இடத்தில் இவ்விரண்டும் ஆண்டுக்கணக்கில் இருந்த உயரத்திலேயே நிற்கும்.

கேள்வி: விற்பனைச் சீட்டில் “மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்” என்று அச்சிட்டிருந்த கன்று மைனஸ் 7 டிகிரியிலேயே பட்டுப்போய்விட்டது. சீட்டில் எழுதியிருந்தது பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதி உண்மை. அந்த எண், பல ஆண்டுகள் மண்ணில் வேரோடி, தண்டு பருத்து நிற்கும் மரத்துக்கு உரியது. இளங்கன்றின் வளர்நுனி தரைமட்டத்தை ஒட்டி, மெல்லிய மட்டைகளுக்குள் மட்டுமே பாதுகாக்கப்பட்டிருப்பதால், அதே இனத்தின் வளர்ந்த மரம் சிரமமின்றிக் கடக்கும் இரவு கன்றைக் கொன்றுவிடும். மேலும், ஒரே இரவு மைனஸ் 10 டிகிரிக்கு இறங்கி மறுநாள் நண்பகலில் உறைநிலைக்கு மேலே ஏறுவது ஒன்று. பகலிலும் உறைநிலையைத் தாண்டாமல் ஒரு வாரம் நீடிப்பது முற்றிலும் வேறு. நீடித்த குளிரில் மண்ணே உறைந்துபோக, வேர் நீரை எடுக்க முடியாத நிலையில் காற்று ஓலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்குக் குளிரில் கருகியதாகத் தோன்றும் ஓலை பல நேரங்களில் உண்மையில் நீரின்றி வறண்ட ஓலையே.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஈரம். கலிஃபோர்னியாவின் பாலைவனச் சோலைகளில் வளரும் வாஷிங்டோனியா ஃபிலிஃபெரா வறண்ட குளிரை எளிதாகச் சமாளிக்கும். அதே மரம் மழையும் உறைபனியும் மாறிமாறி வரும் கடலோரக் குளிர்காலத்தில் நலிந்துவிடும். தாவரக் கடினத்தன்மை மண்டல வரைபடங்களை நம்பி வாங்குபவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் வரைபடம் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை மட்டுமே காட்டுகிறது. குளிர் எத்தனை நாள் நீடிக்கும், எவ்வளவு ஈரத்தோடு வரும், அதற்கு முந்தைய கோடை மரத்துக்குப் போதிய வலுவைக் கொடுத்ததா என்பவற்றுக்கு அதில் இடமில்லை.

அடுத்த கன்றை இலையுதிர்காலத்தில் நடாதீர்கள். பனையின் வேர் வெதுவெதுப்பான மண்ணில்தான் ஓடும் என்பதால், வசந்தத்தின் இறுதியிலோ கோடையின் தொடக்கத்திலோ நட்டால் முதல் குளிருக்கு முன் அது நிலைகொள்ள அவகாசம் கிடைக்கும். களிமண்ணாக இருந்தால் பரந்த மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். களிமண்ணில் குழி தோண்டி மணலைக் கொட்டினால் அந்தக் குழி நீர்த்தொட்டியாகவே மாறும்.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றி வைத்திருந்தேன். வசந்தத்தில் பிரித்தபோது நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கொழகொழவென்று நாறியது. மரம் செத்துவிட்டதா? பிடுங்கி எறிந்துவிடலாமா?

பதில்: எறியாதீர்கள். இது தென்னை வளர்ப்பவர்களுக்கு நன்கு பழகிய குருத்தழுகலின் குளிர்நாட்டு வடிவம். பனைக்கு ஒற்றை வளர்நுனிதான் உயிர்நிலை. மற்ற மரங்களைப் போலப் பக்கக் கிளை விட்டுத் தப்பிக்க வழியில்லை. விரியாத குருத்தின் அடிப்பகுதி மிக மென்மையானது. உறைந்து உருகும்போது அங்கே திசு சிதைகிறது, சிதைந்த இடத்தில் நீர் தேங்குகிறது, பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே புகுந்துவிடுகின்றன. பாலித்தீனுக்குள் வியர்த்து நின்ற ஈரம் அவற்றுக்கு வேண்டிய வசதியைச் செய்துகொடுத்திருக்கிறது. ஆனால் வளர்நுனி இந்த அழுகலுக்கும் கீழே இருக்கிறது. பல மரங்களில் அழுகல் அதை எட்டுவதற்குள் வானிலை மாறிவிடுகிறது.

அழுகிய பகுதியைக் கையால் வருமளவு மட்டும் அகற்றுங்கள். கத்தியால் ஆழமாகத் தோண்டாதீர்கள். குழிக்குள் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரைத்து அடங்கும். பனை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. பிறகு, உங்கள் பகுதியின் விதிகள் அனுமதித்தால், தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லியை ஒருமுறை இடலாம். இவற்றைவிட முக்கியமானது, மேலிருந்து மழைநீர் விழாதபடி உச்சியில் சிறு கூரை அமைத்து, பக்கங்களைத் திறந்து வைத்துக் குழியை உலரவிடுவதுதான். பச்சையாக எஞ்சியிருக்கும் ஓலைகளை, அவை எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும், வெட்டாதீர்கள். மீண்டெழத் தேவையான உணவு அவற்றில்தான் தயாராகிறது. வெயில் ஏறும்வரை உரமும் வேண்டாம்.

புதிய குருத்து முளைப்பதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். தலைகாட்டியதும் குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். இரண்டு கோடுகளும் விலகினால் மரம் வளர்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். முதலில் வரும் ஓலை நுனி வெட்டுண்டதுபோலச் சுருங்கி வரும். அது உறைபனியில் அடிபட்ட பகுதி மேலே ஏறி வருவதே தவிர, புதிய நோயன்று. கோடை முடிந்தும் அசைவே இல்லை என்றால் மட்டும் கைவிடலாம்.

அடுத்த குளிர்காலத்தில் பாலித்தீனைத் தொடாதீர்கள். ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, காற்றுப் புகும் நெய்யாத் துணியால் போர்த்தி, உச்சியை மட்டும் மழை படாமல் மூடுங்கள். அடியில் உலர்ந்த இலைகளால் கனமான மூடாக்கு இட வேண்டும். கடுங்குளிர் அறிவிக்கப்பட்ட நாட்களில் மட்டும் போர்த்தி, இளகிய நாட்களில் பிரித்துவிடுவதே சரி. மரம் முழுக் குளிர்காலத்தையும் மூட்டைக்குள் கழிக்க வேண்டுமென்றால், அந்த இனம் உங்கள் தோட்டத்துக்கு உரியதன்று என்பதே என் கருத்து. இத்தாலியின் பாதுவா தாவரவியல் தோட்டத்தில் 1585-இல் நடப்பட்டு இன்றும் வாழும் மத்தியதரைக் குட்டை விசிறிப்பனைகூடத் தனிக் கண்ணாடிக் கூடத்துக்குள்தான் நிற்கிறது என்பதைப் பெரிய மரங்களுக்கு ஆசைப்படுபவர்கள் நினைவில் கொள்ளலாம்.

கேள்வி: ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான பிளாக்டனில் தெருவோரம் பனைகள் நிற்கும் படத்தைப் பார்த்தேன். அவை எந்த இனம்?

பதில்: அவை பனையே அல்ல. நியூசிலாந்தைச் சேர்ந்த கார்டிலைன் ஆஸ்ட்ராலிஸ் என்ற மரம்; தண்ணீர்விட்டான்கொடி அடங்கிய தாவரக் குடும்பத்தில் வருவது. உச்சியில் கொத்தாக வாள்போன்ற இலைகள் இருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர் ஏமாறுகிறார். கிளைவிட்டுப் பிரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் பனைக்கும் இதே பாதுகாப்புப் போதுமா?

பதில்: போதாது. தொட்டியில் குளிர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வேரைத் தாக்குகிறது; ஓலையைவிட வேர் மென்மையானது. கடும் உறைபனி வரும்போது தொட்டியை வெப்பமூட்டாத கொட்டகைக்கோ வண்டி நிறுத்துமிடத்துக்கோ நகர்த்திவிடுங்கள். சூடான வரவேற்பறை வேண்டாம்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் சீன விசிறிப்பனையைத் தடை செய்துவிட்டார்களாமே? எங்கள் தோட்டத்து மரத்தை வெட்டிவிட வேண்டுமா?

பதில்: 2024 செப்டம்பர் 1 முதல் அங்கே அதன் விற்பனைக்குத் தடை நடைமுறையில் உள்ளது. தெற்கே டிச்சினோ மாநிலக் காடுகளில் பறவைகள் பரப்பிய விதைகளிலிருந்து இம்மரம் அடர்ந்து முளைத்து, உள்நாட்டு இளமரங்களுக்கு இடமில்லாமல் செய்ததே காரணம். குளிரைத் தாங்குகிறது என்று நாம் பாராட்டும் குணமே அங்கே தொல்லையாகிவிட்டது. தடையில் எனக்கு முரண்பாடு இல்லை. தோட்டங்களில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை அகற்றும்படி அத்தடை கேட்கவில்லை. இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு என்பதால், உங்களுடையது பெண் மரமா என்பதை முதலில் பாருங்கள். பெண் மரமாக இருந்தால், மஞ்சள் பூங்குலை உதிர்ந்து காய் பிடித்ததும், அது நீலக்கருமையாகப் பழுப்பதற்கு முன், குலையை அடியோடு வெட்டி அகற்றுங்கள். காட்டோரத்தில் வசிப்பவர்கள் ஆண்டுதோறும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.