மாத்திரையை நிறுத்தலாமா, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்காக ஒன்றரை வருடமாக ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் சாப்பிடுகிறாள். காதில் குரல் கேட்பது நின்று, வேலைக்கும் போகிறாள். ஆனால் ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. மார்பில் பால் கசிந்ததைப் பார்த்துப் பயந்துபோனாள். போன வாரம் தலைவலி, குமட்டல், நடையில் தள்ளாட்டம். ரத்தத்தில் சோடியம் 127 என்று வந்தது. எந்நேரமும் தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் இருக்கிறாள். உறவினர்கள் மாத்திரையை நிறுத்து, சாப்பாட்டில் உப்பைக் கூட்டு என்கிறார்கள். என்ன செய்வது? - ஒரு தாய்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. உப்பையும் கூட்டாதீர்கள். சோடியத்தை மறுபடி பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள். இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. 127 என்பதோடு தள்ளாட்டமும் இருக்கும்போது காத்திருக்கக் கூடாது. பேச்சில் குழப்பம், விடாத வாந்தி, அளவுமீறிய தூக்கம், வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உடம்பில் உப்பு தீர்ந்துபோய் இப்படி ஆவது குறைவு. பெரும்பாலும் தண்ணீர் மிஞ்சிப்போய் உப்பு நீர்த்திருக்கும். மனநோய் மாத்திரைகள் சிலருக்குச் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைத் தேவையில்லாமல் சுரக்க வைக்கும். அப்போது குடித்த தண்ணீர் வெளியேறாது. இன்னொரு வழியும் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களில் சிலர் தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராகக் குடிப்பார்கள். பாட்டில் பற்றி நீங்கள் எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன். முதல் வகையில் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும், இரண்டாவதில் நீர்த்திருக்கும். அதனால் ரத்தத்தோடு சிறுநீரையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் காலையிலும் மாலையிலும் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒரே பகலில் இரண்டு மூன்று கிலோ ஏறினால் அது தண்ணீர்தான். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள், வலிப்புக்கான கார்பமசிபின், ரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகள் எல்லாமே சோடியத்தை இறக்கக்கூடியவை.

பெரும்பாலும் தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை. எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும். தாழ்ந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை நரம்புகளே பாதிக்கப்படலாம். ஒரு நாளில் சுமார் 8 முதல் 10 அலகுக்குமேல் ஏறாமல் நாங்கள் பார்த்துக்கொள்வது அதனால்தான்.

அப்புறம் மாதவிடாய். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள், தைராய்டும் பார்ப்பார்கள். அவை சரியாக இருந்தால் சந்தேகம் மாத்திரை மேல்தான். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை, மூளையில் உள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் எப்போதும் அடக்கி வைக்கிறது. ரிஸ்பெரிடோன் டோபமைனின் வேலையைத் தடுப்பதால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். புரோலாக்டின் ஏறி, பால் கசியும், மாதவிடாயும் நின்றுவிடும். அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் மாத்திரைகளிலும் இது நடக்கும். நீண்ட நாள் இப்படியே விட்டால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயும். அதனால் 'மாதவிடாய்தானே, பரவாயில்லை' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு பெண் எட்டு மாதம் இதை என்னிடம் சொல்லவே இல்லை. கூச்சம். நானும் கேட்கவில்லை, அது என் தவறு. பயத்தில் அவராகவே மாத்திரையை நிறுத்தி, நோய் முழுவதுமாகத் திரும்பி வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு முறையும் நானே வாய்விட்டுக் கேட்கிறேன்.

உங்கள் மகளுக்கு வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம், புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிபிரசோல் அல்லது குவெட்டியபினுக்கு மெல்ல மாற்றலாம், சிலருக்கு அரிப்பிபிரசோலைக் கூடுதலாகச் சேர்த்தாலே போதும். மாற்றும் வாரங்களில் தூக்கம் குறைகிறதா, பழைய குரல்கள் எட்டிப் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். புது மாத்திரை தொடங்கியதும் சோடியத்தை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிலும் இறங்கக்கூடும். மாதவிடாய் நின்ற தேதி, எடைக் குறிப்பு, எல்லா மாத்திரைகளின் பெயர் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவளே பேசட்டும்.