அண்ணன் தரும் 12 இலட்சம்: பம்ப் வாங்கவா, வங்கியில் போடவா?

கேள்வி: ஐயா, எங்கள் மகளுக்கு 9 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னர் முதலாம் வகைச் சலரோகம் என்று சொன்னார்கள். நாளுக்கு நான்கு ஊசி. நான் சாவகச்சேரியில் ஒரு கடையில் வேலை, சம்பளம் 70,000 ரூபா. மனைவி கூட்டுறவுச் சங்கத்தில், 40,000. அம்மம்மாவும் எங்களோடு இருக்கிறார். முதல் செலவுகளுக்கு மனைவியின் சங்கிலியை 2 இலட்சத்துக்கு அடைவு வைத்தோம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் 12 இலட்சம் அனுப்புகிறேன், பிள்ளைக்கு இன்சுலின் பம்ப் வாங்கிக் கொடு என்கிறார். ஒரு காப்புறுதி முகவர் பிள்ளையின் பெயரில் பொலிசி போடச் சொல்கிறார். மனைவி வேலையை விடப் பார்க்கிறார். எதை முதலில் செய்வது?
வாசகர், கொடிகாமம்

பதில்: முதலில் சங்கிலியை மீட்டெடுங்கள். அடைவு வட்டி எந்த வைப்பு வட்டியையும் விடக் கூட. ஒரு பக்கம் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு மறுபக்கம் வங்கியில் காசு போட்டு வைத்தால் மாதாமாதம் நட்டம்தான். மிச்சம் 10 இலட்சம். இனிப் பேச்சு அதைப் பற்றியது.

நாள் முழுவதும் இன்சுலினை உடம்புக்குள் செலுத்திக்கொண்டிருக்கும் பம்ப் நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்கியதும் அந்தப் 10 இலட்சத்தில் பெரும்பகுதி போய்விடும். செலவு தொடங்குவதே அதற்குப் பிறகுதான். உடம்பில் குத்தும் செற்றை இரண்டு, மூன்று நாளுக்கொரு தடவை மாற்ற வேண்டும், மாதம் 10 முதல் 15 வரை. மருந்து நிரப்பும் குப்பி வேறு. கருவிக்கு உத்தரவாதம் வழக்கமாக நான்கு வருடம்; அதற்குப் பிறகு பழுதானால் திருத்திக் கொடுக்க யாழ்ப்பாணத்தில் ஆள் தேடுவது சிரமம். பம்ப் நின்றுவிட்டால் சில மணித்தியாலங்களிலேயே இரத்தத்தில் கீற்றோன் என்ற அமிலம் கூடத் தொடங்கும், ஏனென்றால் அதில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கிடையாது. ஆகவே பம்ப் உள்ள வீட்டிலும் ஊசியும் மருந்தும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். மாதச் செலவைச் சம்பளத்திலேயே சமாளிக்கக்கூடிய குடும்பத்துக்கு அது பொருந்தும். உங்களுக்கு இப்போது பொருந்தாது.

உங்கள் மாதச் செலவு எவ்வளவு? இன்சுலினில் தொடங்குவோம், ஏனென்றால் அது அரச கிளினிக்கில் இலவசம். குப்பியில் வருவது 10 மில்லிலீற்றர், 1,000 யூனிற். ஐந்து மாதம்தான் ஆகிறது என்பதால் உங்கள் மகளுக்கு இப்போது குறைவான அளவே தேவைப்படலாம். கணையத்தில் மிஞ்சியிருக்கும் சக்தி இன்னும் கொஞ்சம் வேலை செய்கிற காலம் இது. இந்த மாதங்களை வைத்து எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். 30 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 0.8 யூனிற் என்றால் நாளுக்கு 24, மாதம் 720. பெரியபிள்ளையாகும் வயதில் 45 கிலோவாகி, கிலோவுக்கு 1.2 தேவைப்பட்டால் நாளுக்கு 54, மாதம் 1,620. அளவு இரட்டிப்புக்கு மேல். குப்பியைத் திறந்தால் பொதுவாக 28 நாள்தான் கணக்கு. உள்ளே மருந்து மிச்சம் இருந்தாலும் அதன் பிறகு பயன்படுத்தக் கூடாது. இரண்டு வகை போடுகிறவர்களுக்கு மாதம் இரண்டு குப்பி எப்படியும் திறக்க வேண்டிவரும்.

இன்சுலின் பேனாவும் அதற்குள் போடும் மருந்துக் காட்ரிஜும் வசதிதான், ஆனால் வெளியில் காசு கொடுத்து வாங்குவதானால் வீணாவதையும் எண்ணுங்கள். ஒரு காட்ரிஜ் 3 மில்லிலீற்றர், 300 யூனிற். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னர் 2 யூனிற் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். நாளுக்கு நான்கு ஊசி என்றால் மாதம் 240 யூனிற் அதிலேயே போகும். 720ஓடு சேர்த்தால் 960. மாதம் நான்கு காட்ரிஜ் என்று வையுங்கள். செலவு குறையும் என்று நினைத்து வைத்தியரைக் கேளாமல் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற வேண்டாம். கிளினிக்கில் தரும் சாதாரண இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடுவது. புது வகைகள் சாப்பிடும் நேரத்திலேயே போடுவது. மாற்றிப் போட்டால் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைக்குச் சீனி விழுந்துவிடும்.

உங்கள் கையை உண்மையில் கடிக்கப் போவது சீனி பார்க்கும் மீற்றரில் செருகும் ஸ்ரிப். நாளுக்கு ஐந்து தடவை பார்த்தால் மாதம் 150. வீணாகிறவற்றையும் காய்ச்சல் நாட்களையும் சேர்த்தால் 50 கொண்ட பெட்டி நான்கு தேவைப்படலாம். ஒரு ஸ்ரிப் 80 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். உங்கள் பாமசி விலையைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். எதுவும் வீணாகாத சாதாரண மாதத்தில் 150க்கு 12,000 ரூபா. விரலில் குத்தும் லான்செற், ஊசி, சிறுநீர்க் கீற்றோன் ஸ்ரிப், கிளினிக்குக்குப் போய்வருவது, மூன்று மாதத்துக்கொருமுறை வெளியில் செய்ய நேரும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எல்லாம் சேர்த்து 4,500. ஆக 16,500.

முழுவதையும் அந்தப் 10 இலட்சத்திலிருந்தே எடுத்தால் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். அப்போது மகளுக்கு 14 வயது, தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். அதற்குப் பதிலாக 8,000 ரூபாவைச் சம்பளத்தில் பொறுத்துக்கொண்டு 8,500ஐ மட்டும் எடுத்தால் ஏறக்குறைய பத்து வருடம் ஓடும்.

ஸ்ரிப் செலவைக் குறைக்கப் பரிசோதனையைக் குறைப்பதுதான் பலர் செய்வது. அது மோசமான சிக்கனம். சீனி ஏறுவது தெரியாமல் கீற்றோன் கூடி, வாந்தியும் மூச்சிரைப்புமாக வாட்டில் போய் நின்றால் உயிருக்கே ஆபத்து. பெற்றோர் இருவரின் சம்பள நாட்களும் போகும். குறைக்க வேறு வழிகள் உண்டு. மீற்றரை இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள். அந்த மீற்றருக்கு அந்த நிறுவனத்து ஸ்ரிப் மட்டும்தான் பொருந்தும். முதலில் சாவகச்சேரியிலும் யாழ் நகரிலும் எந்த ஸ்ரிப் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது, என்ன விலை என்று கேளுங்கள். பிறகு மீற்றர். ஸ்ரிப் குப்பியின் மூடியைத் திறந்துவைத்தால் ஈரக்காற்றில் பழுதாகிப் பிழையான கணக்குக் காட்டும். மாரி காலத்தில் இது அதிகம் நடக்கும். ஒரே கிளினிக்குக்கு வரும் நாலைந்து குடும்பங்கள் ஒரே மீற்றரை வைத்திருந்தால் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம், திகதி முடியப் போவதைக் கைமாற்றலாம். லான்செற்றும் பேனாவும் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கைமாறக் கூடாது. இப்படிச் சேர்ந்தவர்கள் மருந்துக்கு மட்டும் அல்ல, இரவு இரண்டு மணிக்கு யாரைக் கேட்பது என்ற கவலைக்கும் உதவுவார்கள். கிளினிக் தாதியிடம் சொல்லி, அதே வயதுப் பிள்ளைகள் உள்ள பெற்றோரோடு அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்.

சீனியைத் தொடர்ந்து அளக்கும், கையில் ஒட்டும் சென்சர் பற்றி அண்ணன் அடுத்ததாகக் கேட்பார். ஒன்று 14 நாள் என்றால் வருடத்துக்கு 26. முழுவருடமும் தாங்காது. ஆனால் மருந்தளவு மாற்றும்போதும் கிளினிக்குக்கு முன்னும் என்று மூன்று மாதத்துக்கொன்று, வருடத்துக்கு நான்கு போட்டால், இரவில் சீனி எப்படி ஓடுகிறது என்று வைத்தியருக்குத் தெரியும். போட்ட காசுக்கு அதிகப் பயன் தரும் செலவு இது என்பது என் எண்ணம். கனடாவிலிருந்து அனுப்புவதானால் அங்குள்ள சென்சர் இங்குள்ள ரீடரோடும் செயலியோடும் சேருமா என்று முதலில் ஒன்றை அனுப்பிப் பாருங்கள், சேராமல் போவதுண்டு. பழுதானால் இங்கே மாற்றித் தரவும் மாட்டார்கள். மீற்றர் அனுப்பினாலும் அதே கதை. கனடா மீற்றர் வேறு அலகில் 5.6 என்று காட்டும். அதை 18ஆல் பெருக்கினால்தான் நமது 100. பதற்றத்தில் இந்தக் கணக்கை யாரும் போடமாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வருகிறவர்கள் மலிவு என்று இன்சுலின் கொண்டுவந்து தருவார்கள். இந்தியக் குப்பிகளில் மில்லிலீற்றருக்கு 40 யூனிற் உள்ளவை உண்டு. நம் கிளினிக்கில் தருவது 100 யூனிற். 40 யூனிற் மருந்தை 100 யூனிற் சிரிஞ்சில் அளந்தால் பிள்ளைக்குப் போவது தேவையானதில் ஐந்தில் இரண்டு பங்கு. மறுவளமாக 100 யூனிற் மருந்தை 40 யூனிற் சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு போய்விடும். அது ஆளை விழுத்தும். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் ஊசி ஏற்றக் கூடாது.

வீட்டில் ஒரு மாத மருந்து மேலதிகமாக இருக்கட்டும். 2022 தட்டுப்பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை வரை, பிரிட்ஜின் கதவுத் தட்டில். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துவிட்டால் அதை எறிய வேண்டியதுதான். மின்வெட்டு நீண்டால் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் பொலித்தீன் சுற்றி வைக்கலாம். விமானத்தில் என்றால் கைப்பையில்தான்.

இப்போது 10 இலட்சத்தை எங்கே வைப்பது. மகளின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட வேண்டாம்; பொதுவாக 18 வயது வரை அதில் கைவைக்க முடியாது. ஒரு இலட்சத்தை நீங்களும் மனைவியும் சேர்ந்த சாதாரண சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மூன்று இலட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல், ஒவ்வொரு இலட்சமாக, வெவ்வேறு மாதத்தில் முதிர்ச்சியடையும் மூன்று நிலையான வைப்புகளாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டின் வட்டி தப்பும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் முன்கூட்டியே கழிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். படிவத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகத் தரமாட்டார்கள்.

மிச்சம் ஆறு இலட்சத்தை ரூபாவாக மாற்றவே வேண்டாம் என்பேன். ஸ்ரிப்பும் சென்சரும் இறக்குமதிப் பொருட்கள். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது. அன்று ரூபாவில் சேமித்தவர்கள் வாங்கக்கூடிய ஸ்ரிப் எண்ணிக்கை பாதியாய்ப் போயிற்று. உங்கள் பெயரில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து அண்ணனை அதற்கு நேரே வங்கி மூலம் அனுப்பச் சொல்லுங்கள். வங்கிக்கு வெளியே வரும் உண்டியல் காசு அந்தக் கணக்குக்கு ஆகாது. அதைவிட நல்லது, அவர் அந்தப் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை அனுப்ப உடன்படுவது. ஒரே தடவையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் வெளிநாட்டு உறவுகள் உண்டு. அவர் அப்படிப்பட்டவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அரச உதவியை மட்டாக எதிர்பாருங்கள். அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, சலரோகத்துக்கென்று இல்லை. அம்மம்மா 70 கடந்திருந்தால் கிராம சேவையாளரிடம் கேட்டுப் பாருங்கள். பாடசாலையில் மாணவர்களுக்கான சுரக்ஷா காப்புறுதியின் இந்த வருடப் படிவத்தை அதிபரிடம் கேளுங்கள், நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதற்காக, வாட்டில் தங்கினால் தரும் நோயறிதல் அட்டையைப் பிரதி எடுத்து வைத்திருங்கள். சலரோகப் பிள்ளைகளுக்கு உதவும், ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் ‘லைஃப் ஃபோர் எ சைல்ட்’ போன்ற திட்டங்கள் தனிப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுப்பதில்லை, வைத்திய நிலையங்கள் ஊடாகவே கொடுக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய இடம் உங்கள் வைத்தியர்தான். இரவில் ஏதும் நடந்தால் வானை ஹயர் பிடித்துக் காசைக் கொட்ட வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலவசம்.

மனைவி வேலையை விடுவது இந்தப் பட்டியலிலேயே விலை கூடியது. மாதம் 40,000 ரூபாவும் சேமலாப நிதியும் போகும். ஸ்ரிப் செலவைப்போல் மூன்று மடங்குக்கு மேல். வீட்டில் அம்மம்மா இருக்கிறாரே. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போய், ஊசி போடவும் மீற்றர் பார்க்கவும் தாதியிடம் பழகச் செய்யுங்கள். சீனி 70க்குக் கீழே போனால் சுமார் 10 கிராம் குளுக்கோஸ், இரண்டு தேக்கரண்டி, கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சொக்கலேற் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகத்தான் ஏறும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இவ்வளவும் அவருக்குப் பிடிபட்டால் மனைவி நிம்மதியாக வேலைக்குப் போகலாம். வகுப்பாசிரியருக்கும் இதே பாடம், புத்தகப் பையில் இதே குளுக்கோஸ் பைக்கற்.

முகவர் சொன்ன பொலிசி. நோய் கண்டபிறகு பிள்ளையின் பெயரில் மருத்துவக் காப்புறுதி எடுத்தால் இந்த நோயையே விலக்கி வைப்பார்கள். “படிவத்தில் சலரோகத்தைச் சொல்லாமல் விடுவோம்” என்று முகவர் சொன்னால் அவரை வாசலோடு அனுப்புங்கள். மறைத்தது தெரிந்த அன்று பணம் கிடைக்காது, கட்டியதும் திரும்பாது. காப்புறுதி தேவைப்படுவது உங்களுக்கு. உங்கள் சம்பளம் நின்றால் மகளுக்கு 25 வயதாகும் வரை, 16 வருடத்துக்கு, மாதம் 16,500 என்றாலே 31 இலட்சத்துக்கு மேல். வீட்டுச் செலவு வேறு. 50 இலட்சத்துக்குக் குறையாத, சேமிப்புக் கலக்காத தவணைக்கால ஆயுள் காப்புறுதியை இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். பெயர் நியமனத்தில் மகளைப் போடாமல் மனைவியைப் போடுங்கள், வயது குறைந்தவர் பெயரில் வரும் பணத்தை எடுப்பதற்கு அலைய வேண்டிவரும். கடை முதலாளி ஊழியர்களுக்குக் கூட்டுக் காப்புறுதி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவற்றில் சில, குடும்பத்தினருக்கு முன்பே உள்ள நோயையும் ஏற்கும்.