அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 23. பெற்றோர் இருவரும் பள்ளிப் படிப்பைத் தாண்டவில்லை. எனக்குப் படிக்கும்போது வரி தவறிவிடுகிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தம்பிக்கும் அப்படித்தான். அறிவில் 80 சதவீதம் மரபணு என்கிறார்கள். இனி முயன்று பயன் உண்டா?

பதில்: அந்த எண் பொய்யல்ல; அதற்கு நீங்கள் கொண்ட பொருள்தான் பிழை. இரட்டையர் ஆய்வுகளின்படி, நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணில் மரபின் பங்கு குழந்தைப் பருவத்தில் குறைவு. பெரியவர்களிடம் 60 முதல் 80 சதவீதம் வரை போகிறது. ஆனால் இது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் மூளையில் 80 பங்கு பெற்றோர் கொடுத்தது, 20 பங்குதான் உங்கள் கையில் என்று அது சொல்லவில்லை.

மரபணுவில் இருப்பதெல்லாம் மாற்ற முடியாதது என்பதும் சரியல்ல. ஃபீனைல்கீட்டோனூரியா என்று ஒரு பரம்பரை நோய். ஒரே மரபணுவில் கோளாறு. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தில் கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால், குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். மரபணு அதேதான், விளைவு வேறு. சாதாரண நுண்ணறிவிலோ நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் இம்மியளவு, பங்கு வகிக்கின்றன. அதே நுண்ணறிவுத் தேர்வின் மதிப்பெண், 6 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 முதல் 5 புள்ளி வரை ஏறியிருந்தது. உங்கள் பெற்றோருக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. அதை வைத்து அவர்கள் அறிவை எப்படி எடைபோடுவீர்கள்?

முயன்றால் யாரும் மேதையாகலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஞாபகசக்தி டானிக்கிலும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளிலும் பணத்தைக் கரைக்காதீர்கள். அந்த விளையாட்டில் தேறுவீர்கள், படிப்பில் அல்ல. திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதிப் பாருங்கள். மறுநாள் மறுபடியும். தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வேறு. வரி தவறுவது, தம்பிக்கும் அதே சிக்கல். முதலில் கண் பரிசோதனை. அதில் குறையில்லை என்றால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அது குடும்பத்தில் தொடரக்கூடியது. அறிவுக் குறைவு அல்ல. மருத்துவ உளவியலாளரிடம் முறையான மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள்; எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.